மோசல் ஆற்றங்கரையில் மூன்று நாள்



உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றரைப் பக்கத்தில் பயணச் செய்திகள். நீங்கள் உண்மையில் எழுத வந்த செய்தி கடைசி அரைப் பக்கத்தில் இருக்கிறது. பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு இப்பகுதியில் அதைப் பற்றி எழுதலாம் என்று இசைவு தந்திருக்கிறீர்கள். உங்கள் நிலையிலுள்ள குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. ஆகவே எல்லாரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

மற்ற வாசகர்களுக்காகச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் வேலை பார்க்கும் மகன், பெற்றோரை ஒரு மாதம் தங்கிச் செல்ல அழைத்திருக்கிறார். அதில் ஒரு வார இறுதியில், வெள்ளி முதல் ஞாயிறு வரை, டிரியர் என்னும் பழம்பெரும் நகரைக் காட்டுவதாகத் திட்டம். திருத்தூதர் ஒருவரின் கல்லறை அங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டது முதல் தாய்க்கு ஆவல் தாங்கவில்லை. ஆனால் மகன் அனுப்பிய நிகழ்ச்சி நிரலோ, ஆற்றுப் படகில் திராட்சை இரசம், பழைய நிலவறையில் திராட்சை இரசம், மலைச்சரிவுத் தோட்டத்தில் திராட்சை இரசம் என்று போகிறது. தந்தை குடியை விட்டு ஏழு ஆண்டுகள் ஆனவர். விடுவதற்கு முன் அந்த வீடு பட்ட பாட்டை ஏட்டில் எழுத இயலாது. மகன் அப்போது விடுதியில் தங்கிப் படித்தவராகையால் பாதிதான் அவருக்குத் தெரியும். இப்போது தாய் கேட்கிறார்: உடல்நலமில்லை என்று சாக்குச் சொல்லி டிரியர் பயணத்தை விட்டுவிடலாமா? அல்லது கணவருக்குத் தெரியாமல் மகனுக்கு எழுதி நிரலை மாற்றச் சொல்லலாமா?

இரண்டும் வேண்டாம், சகோதரி. போய் வாருங்கள். ஆனால் நிரலை மாற்றுவது உங்கள் கணவருடைய கையால் நடக்கட்டும்.

ஏன் என்றால், உங்கள் ஊரில் கடைத்தெருவுக்குப் போகும் வழியிலேயே மதுக்கடை இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக அவர் அதைத் தாண்டித்தான் போய் வருகிறார். அவருக்குத் தெரியாமல் பாதுகாப்புச் செய்தால், அந்த ஏழு ஆண்டுகளை நீங்கள் நம்பவில்லை என்று பொருளாகிவிடும். அவருக்கு அது ஒருநாள் தெரியவரும், தெரியவந்தால் புண்படுவார். மாறாக, மகனின் கடிதத்தை அவர்முன் வைத்து, "இதில் எது நமக்கு ஆகும், எது ஆகாது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தன் பலவீனத்தின் எல்லை எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். நம்மைப் போன்றவர்கள் வெளியிலிருந்து ஊகிக்கத்தான் முடியும்.

அதே வேளையில், உள்ளூரில் உறுதியாக நிற்கிறவர் வெளியூரிலும் அப்படியே நிற்பார் என்று எண்ணிவிடுவதும் தவறு. உள்ளூரில் எதிரே நிற்பது பழைய பகை; அதன் முகம் அவருக்குத் தெரியும். அங்கே அது பெற்ற மகனின் அன்பாக, வெள்ளிப் பாத்திரம் போல் மின்னும் கண்ணாடிக் கோப்பையில், "ஒரு வாய்தானே அப்பா, இது சாராயம் அன்று" என்று வரும். மறுத்தால் மகன் மனம் வாடுமே என்று தோன்றும். ஆதலால் மகனும் முழுச் செய்தியையும் அறிந்திருக்க வேண்டும். வளர்ந்த பிள்ளை, தாங்கிக்கொள்வார்.

நிற்க. அந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

மோசல் ஆறு பிரான்சின் வோஜ் மலைகளில் பிறந்து, வளைந்து வளைந்து ஓடி, கோப்ளென்ஸ் என்னும் இடத்தில் ரைன் நதியில் கலக்கிறது. அதன் கரையில் அகுஸ்து சீசர் காலத்தில், கி.மு. 17-ஆம் ஆண்டளவில் உரோமையர் அமைத்த ஊர் டிரியர். 1984-இல் அதன் இரண்டாயிரமாவது ஆண்டு விழா நடைபெற்றது. இந்தப் பழைமையும் ஊரார்க்குப் போதவில்லை. சந்தை வெளியின் ஓரத்தில் உள்ள சிவப்பு வீட்டின் முகப்பில், உரோமை தோன்றுவதற்கு 1300 ஆண்டுகள் முன்னரே தங்கள் ஊர் இருந்ததாக இலத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள். தலபுராணம் எழுதுவதில் நம்மவர்க்கு அவர்கள் சிறிதும் இளைத்தவர்கள் அல்லர்!

நான்காம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசின் மேற்குப் பகுதியை ஆண்ட மன்னர்கள் இங்கே வீற்றிருந்தார்கள். அதனால் திருச்சபை வரலாற்றில் நாம் படிக்கும் பெரிய பெயர்கள் பல இந்தத் தெருக்களில் நடமாடியிருக்கின்றன. அரியுஸின் தப்பறையை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் புனித அத்தனாசியார் 335-இல் முதன்முறை நாடு கடத்தப்பட்டபோது கான்ஸ்தந்தீன் மன்னர் அவரை அனுப்பிய இடம் டிரியர். மிலான் நகரின் ஆயரான புனித அம்புரோசியார் பிறந்த ஊரும் இதுவே. புனித அகுஸ்தினார் மனம் திரும்பிய வரலாற்றில் இவ்வூர் ஒரு மூலையில் நிற்பது பலருக்குத் தெரியாது. அரசு அலுவலர் இருவர் டிரியர் மதிலோரத் தோட்டங்களில் உலாவச் சென்று, ஒரு குடிசையில் துறவிகள் வைத்திருந்த புனித வனத்து அந்தோனியாரின் வரலாற்றைப் படித்து, அன்றே உலகைத் துறந்தார்கள். மிலானில் நண்பர் ஒருவர் இச்செய்தியைச் சொல்லக் கேட்டபோதுதான் அகுஸ்தினாரின் உள்ளம் கலங்கியது. தம் தன்வரலாற்றின் எட்டாம் நூலில் அவரே இதை எழுதுகிறார்.

பெருமைக்குரியவை மட்டும் அல்ல, வெட்கத்துக்குரியவையும் இங்கே நடந்தன. 385-இல் பிரிசில்லியன் என்னும் இஸ்பானிய ஆயர் தப்பறைக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்டு, கிறிஸ்தவ மன்னர் ஒருவரின் ஆணையால் இவ்வூரில் தலை வெட்டுண்டார். கொல்ல வேண்டாம் என்று மன்னரிடம் மன்றாடத் தூர் நகரத்து ஆயர் புனித மார்ட்டின் இங்கே வந்திருந்தார். அவர் ஊரை விட்டுச் சென்றபின் தண்டனை நிறைவேறியது. 1580-களிலும் 1590-களின் தொடக்கத்திலும், சூனியக்காரர் என்ற பழியில் டிரியர் பேராயரின் ஆட்சிப் பகுதியில் மிகப் பலர் எரிக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமையை எதிர்த்து 1631-இல் பெயர் போடாமல் நூல் எழுதிய சேசு சபைக் குரு பிரீட்ரிக் ஸ்பே, 1635-இல் இதே நகரில் நோயுற்ற போர்வீரர்களைப் பராமரிக்கையில் தாமும் தொற்றுக் கண்டு இறந்தார். சேசு சபை ஆலயத்தின் நிலவறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பயணிகள் கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. நீங்கள் போய்ச் சிறிது நேரம் நில்லுங்கள்.

இனி திராட்சை இரசம். உங்கள் கடிதத்தில், "குடிகார ஊரில் திருத்தூதருக்குக் கல்லறையா?" என்று ஒரு வரி இருக்கிறது. வேதனையில் எழுதியது என்று அறிவேன். ஆயினும் அது சரியன்று. மோசல் கரையில் திராட்சைக் கொடியை உரோமையர் நட்டார்கள். அதன் பிறகு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த மக்களின் உழவுத் தொழில் அதுதான். நமக்குக் காவிரிக் கரையில் நெல் எப்படியோ, அப்படி. குளிர்நாட்டில் திராட்சை பழுக்க வெயில் போதாது. ஆகவே தெற்கு நோக்கிய செங்குத்தான மலைச்சரிவுகளில், பகல் வெப்பத்தை வாங்கி இரவில் விடுகிற பலகைக்கல் மண்ணில் கொடியை வளர்க்கிறார்கள். மிகச் செங்குத்தான சரிவுகளில் இயந்திரம் ஏறாது. கொடி கட்டுவதும் கவாத்து வெட்டுவதும் குலை அறுப்பதும் மனிதன் கையால்தான். 1787-இல் டிரியரின் கடைசிப் பேராயர்-மன்னர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ், மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்லவற்றை நட வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை அங்கே பரவியதற்கு அந்த ஆணையும் ஒரு காரணம்.

அந்த உழவர்கள் எல்லாக் காலத்திலும் செழித்திருக்கவில்லை. 1840-களில் விலை வீழ்ந்து, கடனில் மூழ்கிப் பட்டினி கிடந்தார்கள். அவர்களது துயரத்தை அரசு மறைக்கிறது என்று 1843 ஜனவரியில் செய்தித்தாளில் எழுதினார் டிரியரில் பிறந்த இளைஞர் ஒருவர். அவர் பெயர் கார்ல் மார்க்ஸ். அதே ஊரில், அதே உயர்நிலைப் பள்ளியில் பிற்காலத்தில் படித்த இன்னொருவர், 1890-இல் பிறந்த சேசு சபைக் குரு ஆஸ்வால்ட் வான் நெல்-பிராய்னிங். தொழிலாளர் நிலை குறித்துத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-இல் வெளியிட்ட சுற்றுமடலை உருவாக்குவதில் அவர் பெரும்பங்கு கொண்டார். மார்க்ஸ் பிறந்த வீடு இன்று அருங்காட்சியகம். உங்கள் மகன் அங்கே அழைத்தால் மறுக்காமல் போங்கள். போய்விட்டு, ஏழையின் கண்ணீரை முதலில் எழுதியவர்கள் நாமாக ஏன் இல்லை என்று எண்ணிப் பார்ப்பதில் குற்றமில்லை.

ஆகவே இரசம் அங்கே பாவப் பொருள் அன்று. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் தந்ததும், நம் பீடத்தில் அவரது திருஇரத்தமாக மாறுவதும் திராட்சைக் கொடியின் பலனே. ஆயினும், ஒருவருக்கு உணவாவது இன்னொருவருக்கு நஞ்சாகலாம். சர்க்கரை நோயாளிக்குக் கரும்பு பாவம் அன்று, ஆனால் ஆகாது. இதில் இரக்கம் காட்டத் திருச்சபைக்குத் தெரியும். மதுப்பழக்கத்தால் துன்புறும் குரு ஒருவர், தம் ஆயரின் அனுமதி பெற்று, நொதித்தல் நிறுத்தப்பட்ட புதுத் திராட்சைச் சாற்றைத் திருப்பலியில் பயன்படுத்தலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-இல் எழுதியிருக்கிறது. குருவுக்கே இந்த ஏற்பாடு இருக்கும்போது, உங்கள் கணவர் ஒரு கோப்பையை மறுப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அங்குள்ள சில ஆலயங்களில் பொதுநிலையினர்க்கும் திருக்கிண்ணம் நீட்டப்படலாம். அவர் அப்பத்தின் வடிவில் மட்டும் நன்மை வாங்கட்டும். எந்த வடிவிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது நம் விசுவாசம், குறைவொன்றும் இல்லை.

பயணத் திட்டத்துக்கு வருவோம். முதலில் காலம். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை போக வேண்டாம். கோடையில் கரையோரச் சிற்றூர் ஒவ்வொன்றிலும் இரசத் திருவிழா. நகரையொட்டிய ஓலெவிக் பகுதியில் ஆகஸ்டுத் தொடக்கத்தில் நடக்கும். இலையுதிர் காலத்தில் அறுவடை. அப்போது ஃபேடர்வைசர் என்று ஒன்றைத் தெருத்தெருவாக விற்பார்கள். கலங்கிய பழச்சாறு போலத் தோன்றும், இனிக்கும், ஆனால் நொதித்துக்கொண்டிருக்கும் இரசம் அது. அறியாமல் குடித்துவிட எளிது. மே மாதம் நல்லது. குளிர் குறைந்திருக்கும். ஆண்டவர் விண்ணேற்புக்கும் பெந்தெகோஸ்தேவுக்கும் நடுவே, புனித மத்தியாஸ் கல்லறைக்குப் பல நாள் நடந்தே வரும் திருப்பயணக் குழுக்களையும் காணலாம்.

பிராங்பர்ட்டிலிருந்து இரயிலில் கோப்ளென்ஸ் சென்று, அங்கே மாறி டிரியர் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். கோப்ளென்ஸுக்குப் பிறகு இடப்புறச் சாளரத்தருகே அமருங்கள். ஆறும் கொடித்தோட்டங்களும் கூடவே வரும். வெள்ளிக்கிழமை மாலையில் அதிகம் பார்க்க முயல வேண்டாம். நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கரிய வாசல் நிற்கிறது. 170-ஆம் ஆண்டளவில் சாந்து பூசாமல், கல்லை இரும்புக் கொளுவியால் இணைத்துக் கட்டிய நகரவாயில் அது. பதினோராம் நூற்றாண்டில் சிமியோன் என்னும் கிரேக்கத் துறவி அதன் கோபுரத்தில் தம்மை அடைத்துக்கொண்டு தவம் செய்து 1035-இல் இறந்தார். அவர் நினைவாக வாயிலையே ஆலயமாக்கினார்கள். அதனால்தான் கல்லுக்காக இடிக்கப்படாமல் பிழைத்தது. பின்னர் நெப்போலியன் ஆணையால் ஆலயப் பகுதிகள் அகற்றப்பட்டன. உள்ளே படிகள் மிகுதி. முழங்கால் நோவு உள்ளவர்கள் வெளியிலிருந்து பார்த்தாலே நிறைவுதான்.

சந்தை வெளியில் 958-இல் நாட்டிய சிலுவை இருக்கிறது. அருகிலேயே, சுற்றுப்புற உழவர்கள் முறை வைத்துத் தங்கள் இரசத்தைக் கோப்பையில் விற்கும் கூடமும் இருக்கிறது. மாலையில் அங்கே கூட்டம் கூடும். அந்த வேளையில் நீங்கள் வேறு பக்கம் இருங்கள். காலையில் அதே வெளி பூக்கடைகளோடு அமைதியாக இருக்கும்.

சனிக்கிழமையைப் பேராலயத்துக்கும் புனித மத்தியாஸுக்கும் கொடுங்கள். பேராலயத்தின் நடுப்பகுதிச் சுவர்கள் நான்காம் நூற்றாண்டு உரோமையர் கட்டியவை. வாசலருகே உடைந்த கருங்கல் தூண் ஒன்று கிடக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் சறுக்கி விளையாடுவார்கள். அதைப் பற்றி ஊரார் சொல்லும் கதை உங்கள் கணவருக்குப் பிடிக்கும். கட்டுகிறவர் பசாசிடம், இங்கே பெரியதொரு குடிக்கடை கட்டுகிறோம் என்றாராம். பசாசு மகிழ்ந்து போய்த் தூண்களையெல்லாம் சுமந்து கொடுத்ததாம். எழும்பியது கடவுளின் ஆலயம் என்று கண்டதும் ஆத்திரத்தில் கடைசித் தூணை வீசி எறிந்ததாம்!

பேராலயத்தில் ஆண்டவரின் தையலில்லா அங்கி என்று வணங்கப்படும் ஆடை இருக்கிறது. 1196-இல் அது பீடத்தினுள் வைக்கப்பட்டது. 1512-இல் முதன்முறை மக்களுக்குக் காட்டப்பட்டது. கடைசியாகக் காட்டப்பட்டது 2012-இல். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சாதாரண நாளில் அங்கியைக் காண இயலாது என்பதை முன்னரே மனத்தில் கொள்ளுங்கள். அது வைக்கப்பட்டுள்ள சிற்றாலயத்தைத்தான் காணலாம். கல்வாரியில் கிடந்த ஆடை இதுதானா என்று நூலாய்ந்து சொல்ல எவராலும் ஆகாது. நம்பியே ஆக வேண்டும் என்று திருச்சபை கட்டாயப்படுத்துவதும் இல்லை. பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவர்களின் ஒற்றுமைக்காக மன்றாட அது ஓர் அடையாளம். அந்த வேண்டுதலோடு, பிரிந்து கிடக்கும் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே தேவ அன்னை ஆலயம். ஜெர்மனியின் மிகப் பழைய கோதிக் ஆலயங்களுள் ஒன்று. பன்னிரண்டு தூண்களில் பன்னிரு திருத்தூதர் ஓவியங்கள். தரையில் ஒரு கருங்கல் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நின்று சுற்றிப் பார்த்தால் மட்டும் பன்னிருவரையும் ஒருங்கே காணலாம். ஓர் அடி தள்ளி நின்றால் யாராவது ஒருவர் மறைந்துவிடுவார்.

பிற்பகலில் பேருந்தில் தெற்கே செல்லுங்கள். ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடத்து ஆலயம் அங்கே இருக்கிறது. புதிய ஆலயம் எழுப்புகையில் 1127-இல் புனித மத்தியாஸின் அருளிக்கங்கள் கண்டெடுக்கப்பட்டன. 1148-இல் திருத்தந்தை மூன்றாம் யூஜின் ஆலயத்தை நேர்ந்தளித்தார். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே திருத்தூதர் கல்லறை என்று வணங்கப்படுவது இது ஒன்றே. மயிலையில் புனித தோமையாரின் கல்லறையைக் கொண்டுள்ள நமக்கு அதன் அருமை தெரியும். நிலவறையில் டிரியரின் முதல் ஆயர்களான எவுக்காரியுஸ், வலேரியுஸ் ஆகியோரின் கல்லறைகளும் உள்ளன.

புனித மத்தியாஸைப் பற்றி வேதாகமம் சொல்வது மிகக் குறைவு. யூதாஸ் விட்டுச் சென்ற இடத்துக்குச் சீட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சில நாளில் பெந்தெகோஸ்தே வந்தது. ஆவியானவர் இறங்கி, பன்னிருவரும் மக்கள்முன் பேச எழுந்தபோது, கூட்டத்தில் சிலர், இவர்கள் புது இரசம் குடித்து வெறித்திருக்கிறார்கள் என்று ஏளனம் செய்தார்கள். அவர் திருத்தூதராக மக்கள்முன் நின்ற முதல் நாளே கேட்ட சொல் அது. உங்கள் கணவர் குடியை விட்டு ஏழு ஆண்டு ஆனபின்னும், கோயில் திருவிழாவில் அவர் சற்று உரக்கச் சிரித்தால் ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கல்லறை முன் அவர் தனியாகச் சற்று நேரம் இருக்கட்டும். நீங்கள் வெளித் தோட்டத்தில் காத்திருங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

ஞாயிறு காலை பேராலயத்தில் திருப்பலி. மொழி புரியாது, ஆனால் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும். அவ்வளவு பெரிய ஆலயத்தில் கூட்டம் குறைவாக இருக்கக் கண்டால், நம் ஊர்த் திருவிழாவை எண்ணிப் பெருமூச்சு விடாதீர்கள். ஜெர்மன் கத்தோலிக்கர் 1958-இல் தொடங்கிய மிசரேயோர் என்னும் தவக்கால நிதி, நம் நாட்டில் எத்தனையோ எளியவர்களுக்கு உதவியிருக்கிறது.

பிற்பகலுக்கு மகன் போட்டிருக்கும் நிலவறைச் சுவைப்பை நீக்கிவிட்டு, ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள பெர்ன்காஸ்டல்-கூஸ் என்னும் சிற்றூருக்குப் போகலாம். இரயில் கிடையாது, பேருந்தில் போக வேண்டும். அன்றிரவு பிராங்பர்ட் திரும்புவது கடினமாயின் திங்கட்கிழமையும் சேர்த்து விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஊரில் பிறந்த கர்தினால் நிக்கோலாஸ், 1458-இல் தம் குடும்பச் சொத்தைக் கொண்டு முதியோர் இல்லம் ஒன்றை நிறுவினார். ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்த ஆண்டுகளின் நினைவாக முப்பத்து மூன்று முதியவர்களுக்கு அதில் இடம். அந்த இல்லம் இன்றும் நடக்கிறது. நடப்பதற்கு வருவாய் தந்தவற்றுள் அதன் திராட்சைத் தோட்டங்களும் அடங்கும். அவர் உடல் உரோமையில் இருக்கிறது. இருதயம் மட்டும் இந்த இல்லத்துச் சிற்றாலயத்தில் புதைக்கப்பட்டிருக்கிறது. டிரியரிலும் இப்படியே, நெப்போலியன் காலத்தில் ஒன்றிணைக்கப்பட்ட நோயாளர் இல்லங்களுக்கும், மறைமாவட்டக் குருமடத்துக்கும் தோட்டங்கள் உண்டு. கொடியின் வருவாயில் கிழவர்கள் சோறு உண்டதையும் குருமாணவர்கள் படித்ததையும் உங்கள் கணவர் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். குடி அழித்ததை அவர் பார்த்திருக்கிறார். கொடி வளர்த்ததையும் பார்க்கட்டும்.

படகுப் பயணத்தை நீக்க வேண்டியதில்லை. பகல் வேளையில் ஒரு மணி நேரம் ஆற்றில் போய் வருவது இனிமையானது. காப்பி கேட்டால் காப்பி கிடைக்கும். கேட்க வேண்டிய ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: டிரௌபன்சாஃப்ட். நொதிக்காத திராட்சைச் சாறு. மாறாக, "மது நீக்கிய இரசம்" என்று தருவதில் அரை விழுக்காடு வரை மது இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மணமும் சுவையும் பழைய நினைவை எழுப்பும். அவருக்கு அது வேண்டாம். ஃபீட்ஸ் என்று பீங்கான் குவளையில் தருவதும் ஆப்பிளில் செய்த மதுவே. குழம்பிலும் இனிப்பிலும் இரசம் சேர்ப்பது அந்நாட்டு வழக்கம், கேட்டு வாங்குங்கள். அவர் வாரந்தோறும் போகும் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் குழுவுக்கு ஜெர்மனியிலும் கிளைகள் உண்டு. பெருநகரங்களில் ஆங்கிலத்திலும் கூட்டம் நடக்கிறது. ஒரு மாதம் தங்கப் போவதால், பிராங்பர்ட்டில் எந்த நாள் எங்கே என்று மகன் இப்போதே விசாரித்து வைக்கட்டும். டிரியரைவிட இதுவே முக்கியம்.

மற்றவை சில்லறைச் செய்திகள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். செலவை மகன் ஏற்பதானால், அங்குள்ள அயல்நாட்டவர் அலுவலகத்தில் உறுதிப் பத்திரம் பெற்று அனுப்ப வேண்டும், அதற்கு நாளாகும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். வாங்குவதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

வாங்குவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் பங்குத்தந்தைக்கு என்று நல்ல இரசமாக ஒரு புட்டி வாங்கி வரலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அம்மா. பூசைக்கு வேண்டிய இரசத்தை மறைமாவட்டம் தருகிறது. அந்தப் புட்டியை அத்தனை தொலைவு யார் பெட்டியில் வைத்துச் சுமப்பது? புனித மத்தியாஸ் ஆலயத்திலிருந்து ஒரு மெழுகுதிரி கொண்டு வந்து கொடுங்கள்.